ஹில் எண்டுக்குக் கூடாரத்தோடு: கேள்வி-பதில்

கே: ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடமேற்கே இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊரான ஹில் எண்டுக்கு ஜூலையில் போகிறோம். 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் போதுமா?

போதாது. ஜூலை அங்கே குளிர்காலம். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அடியில் விரிக்கக் கனமான மெத்தையும் வேண்டும்.

கே: ஆஸ்திரேலியாவில் நல்ல கேம்பிங் இடம் சொல்லுங்களேன்.

அது ஒரு கண்டம், ஐயா. எந்த மாநிலம், எந்த மாதம், என்ன வண்டி? எழுதுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

கே: வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சிட்னியில் கிளம்பினால் இரவே ஹில் எண்ட் போய்விடலாமா?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. போகலாம், வண்டி முழுசாகப் போய்ச் சேருமா என்பதுதான் சந்தேகம். கிட்டத்தட்ட 4 மணி நேரப் பாதை. குளிர்காலத்தில் வழியிலுள்ள லித்கோ ஊரைத் தாண்டுவதற்குள் கும்மிருட்டு. கங்காரு மேய்ச்சலுக்கு இறங்குவது அந்தியிலும் விடியலிலும். மழைநீர் தாரிலிருந்து வழிந்து சாலையோரப் புல்தான் பச்சையாக இருக்கும். அதனால் அங்கேயே நிற்கும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று உண்டு. வளைத்து ஒதுங்காதீர்கள், மரத்தில் மோதுவீர்கள். நேராகவே பிரேக் போடுங்கள். வொம்பாட் என்ற குட்டையான, குண்டான வளைவாழ் விலங்கு இன்னும் மோசம்: 25, 30 கிலோ, பாறை மாதிரி, வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. எனக்கே ஒரு ரேடியேட்டர் போயிருக்கிறது. வாடகை வண்டி என்றால் காப்பீட்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். இரவில் விலங்கு மோதினாலும் மண் சாலையில் போனாலும் பணம் தராத ஒப்பந்தங்கள் உண்டு. வழியிலுள்ள பேதர்ஸ்ட் நகரில் தங்கி, காலையில் வெயில் ஏறியதும் சோஃபாலா என்ற சிற்றூர் வழியாகப் போங்கள்.

கே: ஹோல்டர்மன் தங்கக்கட்டியை எங்கே பார்க்கலாம்?

எங்கும் முடியாது. 1872-இல் ஹில் எண்டில், ஹோல்டர்மன் பங்குதாரராக இருந்த சுரங்கத்தில் கிடைத்த அந்த 286 கிலோ பாளத்தில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற வெறும் பாறை. நொறுக்கித் தங்கத்தைப் பிரித்துவிட்டார்கள். அவர் அதைப் பிடித்து நிற்கும் பிரபலமான படமும் ஒட்டுவேலைதான்! ஆனால் அவர் பணம் போட்டு எடுக்கவைத்த ஊர்ப் படங்கள் அசல். அந்தக் கண்ணாடி நெகட்டிவ்கள் 1951-இல் சிட்னி சாட்ஸ்வுட்டில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் அகப்பட்டன. இப்போது மாநில நூலகத்தில் இருக்கின்றன. போனில் இறக்கிக்கொண்டு போங்கள். படத்தில் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் இன்று வெறும் புல்தரை.

கே: விறகு அங்கேயே பொறுக்கலாமா?

கூடாது. விழுந்த சுள்ளியும் கூடாது. அது பல்லிக்கும் பாம்புக்கும் வீடு. வாங்கிக்கொண்டு போங்கள். தீத்தடை நாளா என்று காலையிலேயே பாருங்கள்.

கே: திரும்பும்போது கேப்பர்டீ பள்ளத்தாக்கு, கிளென் டேவிஸ் பார்க்க நேரம் இருக்குமா?

காலையில் கிளம்பினால் இருக்கும். கிளென் டேவிஸில் 1952-இல் மூடிய ஷேல் எண்ணெய் (பாறையிலிருந்து எடுக்கும் எண்ணெய்) ஆலையின் இடிபாடுகள் தனியார் நிலத்தில் உள்ளன, முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். பிற்பகல் 3 மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கை விட்டு ஏறிவிடுங்கள். ஏன் என்று மேலே கங்காரு பற்றிச் சொன்னபோதே சொல்லியாயிற்று.