ஆறு மாத பேக்கேஜுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 4 மாதம். இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்பிப் பார்க்கிறான். வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான். ஆட்டிசமாக இருக்கலாம், உடனே தெரபி தொடங்குங்கள் என்று குழந்தைகள் நல மருத்துவர் சொன்னார். இங்குள்ள ஒரு தனியார் சென்டரில் ஆறு மாத பேக்கேஜ் 1,80,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 20,000 தள்ளுபடி என்கிறார்கள். அடுத்த ஜூனில் சாதாரணப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று உறுதி தருகிறார்கள். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தர ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார். அதையும் கொடுக்கலாமா?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் ஒரே பதில்தான், அம்மா. கொடுக்காதீர்கள்.

தெரபி வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மகனுக்குத் தெரபி கட்டாயம் வேண்டும், அதுவும் இந்த மாதமே. ஆனால் மூன்று வயதுக் குழந்தை ஆறு மாதத்தில் எவ்வளவு தேறுவான் என்பதை எந்த நேர்மையான தெரபிஸ்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில குழந்தைகள் நான்கு வயதில் பேசத் தொடங்குகிறார்கள், சிலர் ஏழு வயதில். பேச்சு வராமலேயே படங்களைக் காட்டித் தெளிவாகத் தன் தேவையைச் சொல்லப் பழகும் குழந்தைகளும் உண்டு. உறுதி தருகிறவர் உங்கள் பயத்தை விலை பேசுகிறார். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதன் பொருள், மூன்றாவது வாரத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் வெளியேற முடியாது என்பதுதான். ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட ஒப்புக்கொள்ளாத இடத்துக்குப் போக வேண்டாம்.

பணத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மகனுக்குக் காது சோதனை செய்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் பாட்டுக்கு ஓடி வரும். குழந்தையைத் தூங்க வைத்து எடுக்கும் ‘பெரா’ சோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கிடைக்கும். இந்தச் சோதனையைக் கேட்காமலேயே பேச்சுப் பயிற்சி தொடங்குகிற சென்டருக்குக் குழந்தையைவிடக் கட்டணம்தான் முக்கியம்.

அந்த மருத்துவமனையிலேயே மாவட்ட இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். ‘டி.இ.ஐ.சி.’ என்றால் சட்டென்று வழி காட்டுவார்கள். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்காக, 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஏற்பட்ட மையம் இது. கட்டணம் இல்லை. குறை உண்டு. கூட்டம் அதிகம், நாள் கிடைக்கத் தாமதமாகும், சில இடங்களில் பணியிடமே காலியாக இருக்கும். கட்டடத்துக்கு வண்ணம் பூசப் பணம் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியாளரை நியமிக்கத்தான் கோப்பு நகராது. இருந்தாலும் போய்ப் பதிவு செய்யுங்கள். முறையான மதிப்பீடும் எழுத்து வடிவில் ஓர் அறிக்கையும் கிடைக்கும். வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வரும் நாள்களையும் விசாரித்து வையுங்கள். மகன் பள்ளி வயதை எட்டும்போது உதவும்.

தனியாரிடம் போவதாக இருந்தால், கட்டடத்தையும் ஊஞ்சலையும் பார்த்து மயங்காமல் ஆளைப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இது. பதிவு எண்ணைக் கேளுங்கள். குழுமத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ் பதிவு ஆகாது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது சட்டம். 1,80,000 வாங்குகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம்! இதைத் திருத்த இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல ஆளைத் திட்டிவிட்டு வருவீர்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் (ஓ.டி.) பிசியோதெரபிஸ்டும் அந்தக் குழுமத்தின் கீழ் வருவதில்லை. அவர்களுக்கு 2021-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே ஓ.டி. செய்பவரிடம் போய் மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண் எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது பட்டம்: நாலரை ஆண்டு ஆக்குபேஷனல் தெரபிப் பட்டப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. ஒளிக்க ஏதுமில்லாதவர் கோபப்படாமல் சொல்வார். ஒரே ஆள் பேச்சுப் பயிற்சியும் தருவேன், ஓ.டி.யும் செய்வேன், சிறப்புக் கல்வியும் சொல்லித் தருவேன் என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அவை தனித்தனிப் படிப்புகள்.

அடுத்த சோதனை எளிது. உங்களை அறைக்குள் விடுகிறார்களா? பல சென்டர்களில் அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்து குழந்தை வெளியே வரும், கூடவே ஒரு டைரி. அதில் ‘நிறம் பிரித்தல் – நன்று’ என்று எழுதியிருக்கும். அந்த அம்மா அன்று மாலை வீட்டில் என்ன செய்வார்? வாரத்தில் மூன்று மணி நேரம் அந்த அறையில் நடப்பதை வைத்து மூன்று வயதுக் குழந்தைக்குப் பேச்சு வருவதில்லை. மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடுதான் இருக்கிறான். உங்களுக்குக் கற்றுத் தருகிறவரே அவனுக்கேற்ற தெரபிஸ்ட்.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி சொல்கிறேன். அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில், அவனால் திறக்க முடியாதபடி இறுக்கி மூடி எதிரில் வையுங்கள். உங்கள் கையை இழுத்து டப்பாமேல் வைப்பான். உடனே திறக்காதீர்கள். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், விரல் நீட்டல், எது வந்தாலும் “திற” என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து பாதி பிஸ்கட் மட்டும் கொடுங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் அழவிடாமல் அதே சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மூடி வையுங்கள். மறுபடியும் வருவான். “சொல்லு, சொல்லு” என்று நச்சரிக்கக் கூடாது. பாட்டியிடமும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அவர் மூடியைத் திறந்து முழு பிஸ்கட்டையும் கொடுத்துவிடுவார். ஊஞ்சல், தண்ணீர்க் குழாய், சட்டை மாட்டுவது என எல்லாவற்றிலும் இதே வேலைதான்.

இனி அந்த 6,000 ரூபாய் ஆள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடி அட்டைக்கு, விண்ணப்பிக்க அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இ-சேவை மையத்தில் பதிவு செய்யச் சிறு தொகை கேட்பார்கள், அவ்வளவுதான். மதிப்பீடு செய்து சான்று தருவது அரசு மருத்துவமனை. இடைத்தரகர் செய்யப் போவதெல்லாம், உங்களுக்கு எப்படியும் கிடைக்க வேண்டிய நாளில் உங்களுக்கு முன்னால் நடந்து போவது மட்டுமே. சான்றில் குறைபாட்டின் சதவீதத்தைக் கூட்டி வாங்கித் தருகிறேன் என்றால் அவரை வாசலோடு அனுப்புங்கள். மறுபரிசோதனையில் மாட்டுவது அவரல்ல, நீங்கள். விண்ணப்பப் பக்கம் இன்னும் கொஞ்சம் எளிமையாக இருந்தால் இந்த ஆள்களுக்குப் பிழைப்பே இருக்காது, அது தனிக் கதை.

அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமே என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். இந்த வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், பிறகு மறுமதிப்பீடு உண்டு. சான்று இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபிச் செலவும் ஒரு வரம்புக்குள் அடங்கும். ஆனால் முதலில் நீங்கள் செலவழித்து, பில்லைக் கொடுத்துத்தான் பணம் பெற வேண்டும். தேதி, செஷன், தெரபிஸ்டின் பெயர், பதிவு எண் எதுவுமின்றி ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் எழுதிய துண்டுச்சீட்டை வைத்து ஒன்றும் பெற முடியாது. தமிழ்நாடு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, சான்றில் எழுதப்படும் வகையையும் சதவீதத்தையும் பொறுத்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை பற்றியும் யாராவது உங்களிடம் பேசுவார்கள். தெரபியில் பலன் தெரியாமல் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் அந்த ஏஜென்ட் வருவார், சில லட்சங்கள் கேட்பார். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022-இல் சொல்லிவிட்டது. ஆராய்ச்சிதான் செய்கிறோம் என்பார்கள். உண்மையான ஆராய்ச்சியில் பங்கேற்கும் குழந்தையிடம் யாரும் பணம் வாங்குவதில்லை.

பள்ளியைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் மாற்றுத்திறன் காரணமாகப் பாகுபாடு காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. அருகிலுள்ள அங்கன்வாடிக்கு இப்போதே அனுப்பத் தொடங்குங்கள், மற்ற பிள்ளைகளோடு உட்காரப் பழகட்டும்.

கடைசியாக, கொடுத்த முன்பணம். ரசீது இருக்கிறதா? இல்லையென்றால், ‘இன்ன தேதியில் 10,000 ரூபாய் கொடுத்தோம், செஷன் எதுவும் தொடங்கவில்லை, திருப்பித் தாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதை அவர்கள் பதிலில் ஒப்புக்கொண்டால் அதுவே சான்று. பிறகு அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5,00,000 ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ‘முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அவர்கள் தாளில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். தராத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்ள அந்த ஒரு வரி போதாது.