அம்மாவுக்கு இனி எழுத்து எதற்கு?

அன்புள்ள அக்கா,
என் ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 52 வயது. இன்னும் கொழுந்து எடுக்கிறார், எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் வட்சப்பில் குரலிலேயே எல்லாம் பேசி அனுப்பிவிடுவார். அவருக்கு எழுத்துப் படிப்பிக்க வேண்டும் என்று தங்கை ஒரே பிடியாக நிற்கிறாள். இந்த வயதில் எதற்கு அந்தச் சிரமம்?

அன்புள்ள தம்பி,
நான் தங்கை பக்கம்தான்.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். அந்தியில் மடுவத்தில், அதுதான் கொழுந்து சேர்க்கும் கொட்டகையில், நிறுப்பார்கள். முள் எங்கே நின்றது, கணக்கப்பிள்ளை எத்தனை கிலோ எழுதினார், ஒன்றும் அவருக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் அவருடைய சம்பளத் துண்டை வாசித்துக் காட்டினேன். இரண்டு நாளுக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்திருந்தது. அந்த இரண்டு நாளும் பொழுது சாயும்வரை மலையில் நின்றவர் அவர். அடுப்படியில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப போன மாசம்?" அதற்கு முந்திய துண்டெல்லாம் அடுப்பு மூட்டப் போயிருந்தது.

துண்டு என்ற சொல்லே நமக்குப் பழைய காயம். ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணிகளின் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டுக்கும் அதுதான் பெயர். அந்தக் கடனை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்குப் போகலாம். தன் தலையில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே எத்தனையோ பேர் மலைக்கு மலை மாறினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இன்றைய துண்டில் சேமலாப நிதியும் இருக்கிறது, கடைசிக் காலத்துக்கென்று சேரும் காசு அது. அம்மாவின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், தோட்டம் 12 சதவீதம் போட வேண்டும். பெயர் அந்த நிதிக் கணக்கில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால், காசை எடுக்கும்போது சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் பத்திரம்), கிராம சேவகர் என்று அலைய வேண்டும். அதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது, தம்பி.

அரிச்சுவடி வேண்டாம். துண்டு இங்கிலீஷில் வந்தாலும் இலக்கங்கள் ஒன்றுதான், அதிலிருந்து தொடங்கலாம். போன மாதத் துண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டுங்கள்.