புல் எழுந்தது, தென்னை ஏன் சாய்ந்தது?

கேள்வி: அம்மா, எனக்கு நாலு ஏக்கர் கொரங்காடும் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) அதை ஒட்டிக் கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. 2016-இல் மழை பொய்த்தபோது முதலில் கருகியது கொழுக்கட்டைப் புல்தான். தென்னை வெகுநாள் பச்சையாகவே நின்றது. மறு வருஷம் மழை பெய்ததும் புல் பத்தே நாளில் எழுந்துவிட்டது. தென்னையோ அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தது. வறட்சியைத் தாங்கின மரம் மழை வந்தபிறகு ஏன் சாக வேண்டும்?

– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: தம்பி, அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த மே மாதம் நானும் உங்கள் பக்கம் வந்தேன். மதியம் இரண்டு மணிக்குப் புல் கருகின கொரங்காட்டில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. பத்தடி தள்ளி வெள்வேல மரத்தடியில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. உங்கள் கேள்விக்கான பதில் பாதி அந்தப் பத்தடிக்குள்ளேயே இருந்தது.

ஈரம் இருக்கும்வரை வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரம் தீர்ந்தால் அதே வெயில் மண்ணையும் காற்றையும் சுடவைக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். ஒரு தென்னை நாளுக்கு 50 லிட்டர் நீரை இலைவழியே விட்டால் 34 யூனிட் வெப்பம் அதோடு போய்விடுகிறது. தோப்புக்குள் குளுமையாக இருப்பது நிழலால் மட்டுமல்ல.

இப்போது புல்லுக்கு வருவோம். அது கையில் இருப்பதை உடனே செலவழிக்கிற ஜாதி. மேல்மண்ணில் ஈரம் உள்ளவரை தாராளமாகக் குடித்து ஆவியாக விடும். தீர்ந்ததும் இலையைக் காயவிட்டு, உயிரைத் தூரில் வைத்துக்கொண்டு தூங்கிவிடும். மரம் அப்படிச் செய்யாது. ஆரம்பத்திலேயே இலைத் துளைகளைக் குறுக்கி நீரை மிச்சம் பிடிக்கும்.

ஐரோப்பாவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே காடுகளிலும் புல்வெளிகளிலும் கோபுரம் நட்டு, மேலே போகிற நீராவியையும் வெப்பத்தையும், போய்வருகிற கரியமில வாயுவையும் நொடிக்குப் பலமுறை அளக்கிறார்கள். வெப்ப அலையின் தொடக்கத்தில் காற்றை அதிகம் சூடாக்கியது காடுதான். புல்வெளி நீரைச் செலவழித்துக் குளுமையாக இருந்தது. நாள் போகப்போக நிலைமை தலைகீழானது. புல்வெளி காய்ந்து கொதித்தது, காடு சேமித்த நீரில் தாக்குப்பிடித்தது.

ஆனால் மிச்சம் பிடிப்பதற்கும் விலை உண்டு. நீர் வெளியே போவதும் கரியமில வாயு உள்ளே வருவதும் ஒரே துளை வழியாகத்தான். அதை மூடினால் தாகம் குறையும், சமையலும் நின்றுவிடும். மூச்சுவிடும் செலவு மட்டும் நிற்காது. 2003 கோடை வறட்சியில் ஐரோப்பாவின் ஒளிச்சேர்க்கை சுமார் 30 சதவீதம் குறைந்தது. மண்ணும் செடிகளும் மூச்சாக விடுவதும் குறையத்தான் செய்தது. ஆனால் வரவு அதைவிட அதிகமாக விழுந்ததால், ஆண்டுக்கு 50 கோடி டன் என்ற அளவில் கார்பன் காற்றுக்குப் போனது. அங்கத்திய நிலம் நாலு வருஷம் சேர்த்துவைத்த கார்பன் அது.

உங்கள் தென்னைக்கும் இந்தக் கணக்குத்தான். அதற்கு ஆணிவேர் கிடையாது. வேர்களில் பெரும்பங்கு மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கிறது. வேம்பும் வெள்வேலமும் வருஷாவருஷம் புது நீர்க்குழாய் கட்டிக்கொள்ளும். தென்னைத் தண்டு பருக்காது, அதனால் பழைய குழாய்களே ஆயுளுக்கும். வறட்சியில் அவற்றுக்குள் காற்றுக்குமிழி புகுந்து அடைத்தால் மாற்றுக்குழாய் இல்லை. குருத்தும் ஒன்றே ஒன்று. நீங்கள் பார்த்த பச்சை, கையிருப்பைத் தின்று காட்டிய பச்சை. மழை வந்தபோது கையிருப்பும் குழாயும் போயிருந்த மரங்களே சாய்ந்திருக்கும்.

பிழைத்த மரங்களிலும் காய் குறைந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பாளை உள்ளே கருவாகி, தேங்காயாக முற்றி விழ 44 மாதம் ஆகும். இன்றைய வறட்சி மூன்று வருஷம் கழித்தும் காய்ப்பில் தெரியும். அடுத்த கோடைக்கு முன் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் நூறு உரிமட்டையை முதுகு மேலே இருக்கும்படி பரப்பிவிடுங்கள். அப்புறம், கொரங்காட்டை உழுது தென்னையாக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த அந்தக் காடு உங்கள் மழைக்கென்றே பொருந்தி வந்தது.

கேள்வி: காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கரியமில வாயு கிளம்பும் என்கிறார்களே, மழை நல்லதுதானே?

– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கிளம்புவது உண்மைதான், அதுவும் குபீரென்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியல் அறிஞர் 1958-இல் இதை விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். வறட்சியில் செத்த நுண்ணுயிர்களும் மட்காமல் கிடந்த சருகும் ஈரம் பட்டதும் ஒரே மூச்சில் சிதைகின்றன. கூடவே தழைச்சத்தும் விடுபடும். முதல் மழைக்கு விதைத்த சோளம் கருகருவென்று எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் கோடை மழை பெய்ததும் விதைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். வேர் இல்லாத வெறும் நிலத்தில் அந்தச் சத்து அடுத்த மழையில் கரைந்து கீழே போய்விடும்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளி மட்டும் எப்படி வாடாமல் நிற்கிறது?

– ஒரு மாணவர், மூலனூர்

பதில்: அது பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்துப் பகலில் சமைக்கும். விடிகாலையில் ஒரு துண்டும் சாயங்காலம் ஒரு துண்டும் முள் நீக்கி எடுத்து, நசுக்கிய சாற்றில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டுப் பாருங்கள். காலைத் துண்டில்தான் நன்றாகச் சிவக்கும்.