ஆறு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடை. பாலியல் தொல்லை கொடுப்பவர் முதலாளியே. எங்கே புகார் தருவது?

உள்ளூர்க் குழுவிடம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், புகாரே முதலாளி மீது என்றாலும் மாவட்ட அளவிலான இந்தக் குழுதான் விசாரிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூகநல அலுவலகத்திலோ கேளுங்கள். அங்கே அலைக்கழித்தால் தளராதீர்கள், இது உங்கள் உரிமை.

கெடு மூன்று மாதம். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரை ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். சாட்சிகளின் பெயர், முகவரியும் வேண்டும்.

பல புகார்கள் வலுவிழப்பது எழுதும் விதத்தில்தான். "தவறாக நடந்துகொண்டார்" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடும். "மார்ச் 4, இரவு 8 மணி, கடை சாத்தும் நேரம், கல்லாவுக்குப் பின்னால் வழிமறித்துக் கையைப் பிடித்தார், இன்னது சொன்னார்" என்று கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. நீங்கள் கேட்டால் மட்டுமே சமரசம். அதிலும் பணம் கொடுத்து முடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. போலீஸில் தனியாகப் புகார் தரவும் தடையில்லை.