தோட்டத்துக்கும் லீவு விடுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு பற்றி வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து, போன ஜூனில் ரிட்டயர் ஆனேன். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது ஒரே பேப்பரை இரண்டு முறை படிக்கிறேன், டிவி பார்க்கிறேன், வாசலில் போய் நிற்கிறேன். எல்லோரும் "ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்க சார்" என்கிறார்கள். எனக்கு வேலையைத் தவிர ஒன்றும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
- வாசகர், மதுரை

பதில்: சார், 34 வருடமாக யாராவது ஒரு ஃபைலைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்தார்கள், நீங்கள் பார்த்தீர்கள். இப்போது யாரும் எதையும் வைப்பதில்லை, நாமே போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் வர ஆறேழு மாதம் ஆகும், பயப்படாதீர்கள்.

மதுரையில் இருக்கிறவருக்கு இடத்துக்கா பஞ்சம்? ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், மலையில் ஏறினால் செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. வரிவரியாகக் கணக்குப் பார்த்த கண்ணுக்கு அந்த எழுத்து பிடிபட ரொம்ப நாள் ஆகாது. அது ஒத்துவரவில்லையா, அதே குளக்கரையில் நின்று கரிச்சான், செம்போத்து, மீன்கொத்தி என்று பார்த்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணி இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம். வெயில் ஏறிவிட்டால் 2023-ல் நத்தம் ரோட்டில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

பைனாகுலர், கேமரா என்று முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள். ரிட்டயர்மென்ட் பணம் கையில் இருக்கிற நேரம் இது. ஆசையில் வாங்கிவிட்டு, பிடிக்காமல் போனாலும் வாங்கிவிட்டோமே என்று அதையே இழுத்துக்கொண்டிருப்போம். மனம் நாலு பக்கமும் போய்ப் பார்க்கட்டும்.

கேள்வி: என் கணவர் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பை கத்தரி, தக்காளி என்று மாடித் தோட்டம் ஆரம்பித்தார். இன்று 140 பைகள். காலை ஐந்து மணிக்கு மேலே போனால் ஒன்பதுக்குத்தான் இறங்குகிறார், சாயங்காலமும் அப்படியே. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, கேட்டால் "செடிக்கு யார் தண்ணி ஊத்துறது?" என்பார். போன மழையில் பெட்ரூம் சீலிங்கில் ஈரம் இறங்கிவிட்டது. ஏதாவது சொன்னால், "குடிக்கிறேனா, சீட்டாடுறேனா?" என்று கேட்கிறார். நான் சொல்வது தப்பா?
- வாசகி, திருச்சி

பதில்: தப்பே இல்லை அம்மா. அவர் ஆசைப்பட்டதும் தப்பில்லை, நாலு பை 140 ஆனதுதான் பிரச்சினை. அது ஏன் ஆனது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தலைமை ஆசிரியர் கேட்டுக்குள் நுழைந்தால் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நிற்கும், கையெழுத்துக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். ஒரு மே 31-ஆம் தேதியோடு அது முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு அவருக்காகக் காத்திருந்தது இந்தச் செடிகள்தான், ஒரு நாள் போகாவிட்டால் வாடி நின்றன. நாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்று தோன்றுகிற இடத்தை விட்டு யாருக்குத்தான் வர மனம் வரும்? இதை நீங்கள் புரிந்துகொண்டு பேசினால் "குடிக்கிறேனா" என்ற கேள்வி வராது.

ஆனால் ஈரம் இறங்கியதைத் தள்ளிப் போடாதீர்கள். நனைந்த மண்ணோடு ஒரு பை 20 கிலோ என்று வைத்தாலும் 140 பைக்கு 2,800 கிலோ, கிட்டத்தட்ட மூன்று டன். அத்தனையும் தளத்தின் நடுவில் இருந்தால் உடனே சுவரோரமாக, பீம் போகிற இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பைக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் காற்றோடும், தளம் காயும். ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டி, அவர் சொன்ன பிறகு அடுத்த விதையைப் போடட்டும்.

இனி "யார் தண்ணி ஊத்துறது" என்ற விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன நம் விவசாயி வருடம் முழுக்க விதைத்துக்கொண்டே இருந்தவர் இல்லை. அறுத்த பிறகு நிலத்தைக் காயப் போட்டார், அந்த நாட்களில்தான் கல்யாணம், திருவிழா, சொந்தக்காரர் வீடு எல்லாம். மாடியிலும் அதே கணக்குதான். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும்போது தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துபோகும், தண்ணீர் மட்டும் இரண்டு மடங்கு செலவாகும். அதனால் பங்குனியோடு காய்ப்பு முடிந்த பைகளைக் கொட்டி, மண்ணை வெயிலில் பரப்பிக் காயவிட்டு, மட்கிய எருவைக் கலந்து மூடி வைத்துவிட்டு நீங்கள் இருவரும் பெங்களூர் கிளம்பலாம், பேரப்பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. திரும்பி வந்து ஆடியில் விதைக்க மண் தயாராக இருக்கும். கறிவேப்பிலை, பிரண்டை, கற்றாழை மாதிரி நிற்கிற செடிகளுக்கு டைமர் வைத்த சொட்டு நீர்க் குழாய் போடலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் "நீங்க தண்ணி ஊத்துங்க, கீரையைப் பறிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

என்னைக் கேட்டால், வீட்டில் 40 பை போதும். மீதியில் ஒரு பங்கைப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளிக்குக் கொடுக்க முடியுமா என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும். சத்துணவுக் கூடத்துக்கு முருங்கைக் கீரையும் தக்காளியும் ஆகும், வாரம் இரண்டு நாள் அவரே போய்ப் பிள்ளைகளுக்கு விதை ஊன்றச் சொல்லிக் கொடுக்கலாம். காத்திருக்கிற பிள்ளைகள் அவருக்குத் திரும்பக் கிடைப்பார்கள். பணத்துக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். விதைக்குக் காசே வேண்டாம், செடியில் இரண்டு வெண்டைக்காயை முற்றி வெடிக்கிற மாதிரி ஆகும்வரை விட்டால் அடுத்த பட்டத்துக்கு அதுவே மிச்சம் பிடிக்கிற அளவு விதை தரும்.

அப்புறம், ஒரு நாள் சாயங்காலம் இரண்டு டம்ளர் காபியோடு மாடிக்குப் போங்கள். குறை சொல்லாமல், எது என்ன செடி என்று கேளுங்கள். பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வி: வயது 61. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணத்துக்கு முன்பு எட்டு வருடம் வீணை கற்றவள், ரிட்டயர் ஆனதும் வாசிக்கலாம் என்று காத்திருந்தேன். இப்போது இரண்டு வயதுப் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணவரும் வீட்டில் இருக்கிறார், காபி, டிபன் என்று நாள் ஓடிவிடுகிறது. போன வாரம் வீணையை எடுத்தேன், ஒரு ஸ்வரமும் சரியாகப் பேசவில்லை. எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. இந்த வயதில் இந்த ஆசை சுயநலமா?
- வாசகி, சென்னை

பதில்: சுயநலம் இல்லை. நம் வீடுகளில் ஆணுக்கு ஆபீஸ் முடிந்தால் ஓய்வு, பெண்ணுக்கு ஆபீஸ் முடிந்தால் முழுநேர அடுக்களை என்று ஆகிப்போனது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். பேரனைப் பார்ப்பது சந்தோஷம்தான், ஆனால் மகனிடமும் மருமகளிடமும் நேராகச் சொல்லுங்கள்: தினமும் நாலரை முதல் ஐந்தரை வரை நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பேரன் தாத்தாவோடு பார்க்குக்குப் போகட்டும். தாத்தாவுக்கும் ஒரு வேலை ஆச்சு.

மறந்துவிட்டது என்ற முடிவுக்கு மட்டும் வராதீர்கள். வீணையில் தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கிற 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. வருடக்கணக்கில் தொடாமல் வைத்த வீணையில் அந்த மெழுகு இறுகி, வெடித்து, மெட்டுகள் இடம் மாறியிருக்கும், அதில் யார் வாசித்தாலும் ஸ்வரம் சரியாகப் பேசாது. மேளம் கட்டுகிறவரிடம், அதாவது வீணைக்கு மெட்டுப் பதிக்கிறவரிடம் கொடுத்து மெழுகை மாற்றி மெட்டுகளைச் சரியாக உட்கார வையுங்கள், தந்திகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் கீர்த்தனைக்குப் போகாமல் முதல் பாடமான சரளி வரிசையில் ஆரம்பியுங்கள், அதன் ராகமான மாயாமாளவகௌளை விரலுக்கு ஞாபகம் இருக்கும். பழைய காய்ப்புத் தோல் போய்விட்ட விரல் நுனி முதலில் தந்தி அழுந்தி வலிக்கும், அதனால் முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம்.