பாஸ்வேர்ட் கொடுப்பதை நம்பிக்கை என்று நினைத்திருந்தோம்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய பாஸ்வேர்டை மற்றவர் பாவிப்பது சாதாரணம். உள்ளே இருக்கிற ஊழியர்களால் தகவல்களுக்கு உண்மையிலேயே ஆபத்து வருமா? ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் சரியாகிவிடுமா?

வரும். எங்களுக்கு வந்தது. பயிற்சி வகுப்பெல்லாம் அதற்கு முன்பே வைத்து முடித்திருந்தோம்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் கணினி வேலைகளைப் பார்த்தவன். நகை அடகும் முச்சக்கரவண்டி லீசிங்கும்தான் முக்கிய வியாபாரம். மொத்தம் ஆறு பேர். அடகு நகையை மீட்டுக் கொடுக்க சிஸ்டத்தில் இரண்டு பேருடைய ஒப்புதல் விழவேண்டும். காசாளர் பதிவார், இரண்டாவது அதிகாரி தன் பெயரில் உள்ளே போய் உறுதிப்படுத்துவார். அந்த ஏற்பாட்டைக் கிளையில் அமைத்துக் கொடுத்தவன் நான்.

இரண்டாவது அதிகாரி ஒரு அக்கா. பதினான்கு வருட சேவை. லீசிங் தவணை பிந்தினால் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரைக்கும் அவதான் போகவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கவுண்டரில் ஒரு அம்மா காசோடு நிற்பா. அடுத்த நாள் மகளுக்குக் கலியாண எழுத்து, நகை இப்பவே வேண்டும். அக்கா மூதூரில் இருந்து போனில் பாஸ்வேர்டைச் சொல்லுவா. முதல் தடவை அவசரத்துக்குச் சொன்னது, மூன்று மாதத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த எல்லோருக்கும் மனப்பாடம்.

இதைப் பிழை என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. வெளியூர் போகும்போது வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். கேட்டவருக்குக் கொடுக்க மறுத்தால், “உன்னை நான் நம்பேல்லை” என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கைவைத்துச் சாப்பிடுகிற ஆறு பேருக்குள் அதை எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் அழுதுகொண்டு வந்தா. வேறொரு நிறுவனத்திலிருந்து அவவின் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். “உங்கட தாலிக்கொடி அங்க இருக்குத்தானே, நாங்கள் பவுணுக்குக் கூடத் தாறம்.” போனை எடுத்தது அவவின் மாமியார். கணவனுக்கே தெரியாமல் வைத்த நகை அது. எங்கள் ஊரில் இது வெறும் வாடிக்கையாளர் பட்டியல் இல்லை. யாருடைய வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்பதன் பட்டியல்.

பதிவுகளைப் பார்த்தோம். மூன்று கிழமைக்குள் நாலு தடவை அடகுப் பட்டியல் முழுதாக இறக்கப்பட்டிருந்தது. நாலு தடவையும் அக்காவின் பெயரில்.

அக்காவை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக்கூட அவ போகவில்லை. எதிரில் வருகிற எல்லோரும் எங்களுடைய வாடிக்கையாளர்கள். கடைசியில் அவவைக் காப்பாற்றியது கையால் எழுதின பற்றுச்சீட்டுப் புத்தகம். நாலில் இரண்டு தடவை பட்டியல் இறங்கிய நேரத்தில் அவ மூதூரில் தவணை வாங்கிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறா.

எடுத்தது லீசிங் பகுதியில் இருந்த ஒரு தம்பி. அதற்கிடையில் வேலையை விட்டுப் போய்விட்டான். நான் போய்க் கதைத்தேன். தங்கச்சியின் கலியாணத்துக்கு இரண்டு தடவை சம்பள முன்பணம் கேட்டுக் கிடைக்கவில்லை. பட்டியலோடு வந்தால் வேலை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். “அந்த ஆக்களில அரைவாசிப் பேரை நான்தானே அண்ணை கொண்டு வந்தனான்” என்றான். களவெடுத்தேன் என்று அவன் தன்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நம்பிக்கை மோசடி செய்து சிறைக்குப் போனவர்களோடு கதைத்து, 1953இல் எழுதியது இதைத்தான். வெளியே சொல்ல முடியாத ஒரு பணக்கஷ்டம், கைக்கெட்டும் ஒரு வாய்ப்பு, தன்னை நல்லவனாகவே வைத்துக்கொள்ள ஒரு நியாயம். தம்பியிடம் மூன்றும் இருந்தன. வாய்ப்பைக் கொடுத்தது நாங்கள்.

அக்காவுக்கு நடந்தது வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறது. பிரித்தானியாவின் மொரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் உள்ளகக் கணக்காய்வாளராக இருந்த ஒருவர், ஒழுக்காற்று நடவடிக்கையால் வந்த கோபத்தில் கிட்டத்தட்ட 1 லட்சம் ஊழியர்களின் சம்பள விபரங்களை 2014இல் இணையத்தில் போட்டார். தகவல் அவருடைய கைக்குத் திருட்டுத்தனமாகப் போகவில்லை. வெளிக் கணக்காய்வாளர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி நிறுவனமே கொடுத்தது. பழி இன்னொரு ஊழியர் மேல் விழட்டும் என்று அந்த ஊழியரின் பெயரெழுத்துக்களையும் பிறந்த திகதியையும் வைத்து இணையத்தில் கணக்குத் திறந்தார். 2015இல் அவருக்கு 8 வருடச் சிறை. அவர் ஒருவரின் பெயரைத் திட்டமிட்டு எடுத்தார். எங்கள் கிளையில் அக்கா தன் பெயரைத் தானே போனில் சொல்லிக் கொடுத்திருந்தா.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, நம்பி ஒப்படைத்த அணுகல் விபரத்தை அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குச் சொல்வதும் குற்றமாகலாம். எங்கள் பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை.

அந்த வகுப்பு கொழும்பிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை வரும். ஆங்கிலத்தில் படங்கள் ஓடும், கையொப்பம் வைப்போம். ஒரு வருடம் சோதனைக்காகப் பொய் மின்னஞ்சல் அனுப்பி, அதில் கிளிக் பண்ணியவர்களின் பெயர்களை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். சில மாதம் கழித்து உண்மையான மோசடி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்துவிட்ட ஒரு பிள்ளை, பயத்தில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பலகையில் பெயர் ஒட்டியதால் எங்களுக்குக் கிடைத்த பலன் அந்த இரண்டு நாள் மௌனம்.

மனிதர்தான் பாதுகாப்பின் பலவீனம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் கணினி வழியாக நடந்த கொள்ளையை எடுங்கள். வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற மின்னஞ்சலை ஊழியர்கள் திறந்ததில் தொடங்கியது அது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக்கு வந்த 20 மில்லியன் தடுக்கப்பட்டுத் திரும்பியது. பணம் பெறுகிற அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக எழுதியிருந்ததைக் கண்டு, இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது. திறந்ததும் மனிதர், தடுத்ததும் மனிதர்.

ஆகவே, பாஸ்வேர்டைக் கொடுக்காமல் எந்த வேலை முடியாது என்று முதலில் ஆட்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது இரண்டே இரண்டு வேலைகள்தான் வந்தன. நகை மீட்பு ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் மற்றது. அக்கா வெளியே போனால் இன்னொரு கிளையின் அதிகாரி அங்கிருந்தே உறுதிப்படுத்தலாம் என்று மாற்றினோம். கவுண்டரில் கைரேகையால் உள்ளே போகிற கருவி வைத்தோம். மாதாமாதம் பாஸ்வேர்ட் மாற்றவைத்ததை நிறுத்தினோம். அமெரிக்க அரசின் தொழில்நுட்பத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே 2017 வழிகாட்டலில் காரணமில்லாமல் கால இடைவெளியில் மாற்றவைக்க வேண்டாம் என்றது. மாற்றிக் களைத்துத்தானே கீபோர்டுக்கு அடியில் துண்டு எழுதி வைத்தார்கள்.

முழுப் பட்டியலை இறக்கும் வசதியை எல்லோரிடமிருந்தும் எடுத்தோம். தேவைப்பட்டால் முகாமையாளர் காரணம் எழுதி எடுக்கலாம். ஒருவர் விலகல் கடிதம் கொடுத்தால் அன்றைக்கே அவருடைய அனுமதிகளைக் குறைக்கிறோம். வேலையை விட்டுப் போகிறவர்கள் தகவல் எடுப்பது பெரும்பாலும் விலகுவதை ஒட்டிய ஒரு மாதத்துக்குள் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பை ஆராயும் செர்ட் பிரிவு கண்டிருக்கிறது. எங்கள் தம்பியும் அப்படித்தான். சம்பள முன்பணத்துக்கு ஒரு ஒழுங்கான நடைமுறை வைக்கச் சொல்லியும் கேட்டேன். அது கணினிக்காரன் கேட்கிற விஷயமா என்றார்கள். இன்றைக்கும் கேட்கிறேன்.

உங்கள் பாஸ்வேர்ட் இப்போது இன்னொருவரிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஏன் மாற்றினேன் என்று அவரிடம் நேரே சொல்லுங்கள், “பிறகு ஏதும் நடந்தால் உங்களிலும் சந்தேகம் வரும்” என்று. எங்கள் ஊரில் அந்த வசனம் எடுபட்டது.

அக்கா இன்னும் அதே கிளையில் இருக்கிறா. பதினொரு நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவவில் பிழையில்லை என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லி நான் இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.