வீடு பிடித்திருக்கிறது, தெருதான் யோசிக்க வைக்கிறது

கேள்வி: நகரத்துக்குள் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நான்காவது மாடி. நல்ல வெளிச்சம், புது பெயிண்ட், வசதியான சமையலறை. கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் எதிரே இருக்கும் பெரிய சாலையும் பக்கத்துக் காலிமனையும் உறுத்துகின்றன. எழுபது வயது அம்மாவும் எங்களோடு இருக்கப்போகிறார். தரகர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். வீடு நன்றாக இருக்கும்போது தெருவைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் யோசிக்க வேண்டும், சகோதரி. வீட்டுக்குள் தரையை மாற்றலாம், அலமாரியை மாற்றலாம். சாலையை நகர்த்த முடியாது. உங்கள் உறுத்தல் நியாயமானது.

வீட்டை எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் விற்பவருக்குத் தோதான நேரத்தில்தான் காட்டுவார்கள். வேலைநாள் காலை நெரிசலில் ஒருமுறையும், இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறையும் கணவரோடு போங்கள். அம்மாவுக்கு என்று நினைத்திருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள். அப்புறம் மூடிவிட்டு உட்காருங்கள். சாலைப் போக்குவரத்தின் இரவுச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அதற்கு மேல் போனால் தூக்கம் கெடும் என்பதுதான் காரணம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகக் கேட்கும். அப்படிப் பார்த்தால் 65 டெசிபல் என்பது 45ஐ விட ஏறக்குறைய நான்கு மடங்கு சத்தம். கைபேசிச் செயலி காட்டும் அளவு துல்லியமாக இருக்காது. ஆனாலும் இரண்டு படுக்கையறைகளில் எது அமைதியானது என்று ஒப்பிட அது போதும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுவிடலாம் என்று தரகர் சொல்லக்கூடும். மூடியிருக்கும் வரைதான் அதனால் பயன். காற்றுக்காகத் திறந்தால் சாலை மறுபடி அறைக்குள் வந்துவிடும்.

காலிமனை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அந்த வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வருகிறது? மனைப் பக்கம் என்றால், அது அடுத்தவர் இடத்தைத் தாண்டி வரும் வெளிச்சம். அங்கே எவ்வளவு உயரம் வரை கட்ட அனுமதி உண்டு, ஏற்கெனவே விண்ணப்பம் ஏதாவது போயிருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். தரகர் வாய்வழியாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அம்மாவை ஒருநாள் அழைத்துப் போய், வாசலிலிருந்து மருந்துக்கடை வரை நடக்கச் சொல்லுங்கள். 400 மீட்டர் நமக்கு ஐந்து நிமிடம். அவருக்கு எவ்வளவு ஆகிறது, வழியில் ஒழுங்கான நடைபாதை இருக்கிறதா என்று கவனியுங்கள். சாலையைக் கடப்பது இன்னும் முக்கியம். பல ஊர்களில் ஒருவர் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். வயதானவர்கள் பலரால் அவ்வளவு வேகமாக நடக்க முடியாது. நான்காவது மாடி என்பதால் லிஃப்ட் எத்தனை, மின்சாரம் போனால் ஓடுமா என்றும் கேளுங்கள்.

விற்பதற்கு முன் அடித்த புது பெயிண்ட் ஈரக்கசிவை மறைக்கக்கூடும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், ஜன்னல் மூலைகள், அலமாரியின் உட்புறம் எல்லாம் தொட்டுப் பாருங்கள்; மழைக்கு அடுத்த நாள் பார்த்தால் இன்னும் நல்லது. தூணிலோ பால்கனி அடியிலோ விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மேலே போகாதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துத்தான் கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் குழாய் அடிக்கடி உடைகிறது, யார் பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இத்தனையும் இந்த வாரத்துக்குள் முடியாது. வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் முன்பணம் என்று தரகரிடம் சொல்லிவிடுங்கள். எந்தச் சூழ்நிலையில் அது திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு படுக்கையறையாவது சாலைக்கு மறுபக்கம் அமைதியாக இருந்து, மனையில் கட்டடம் வந்தாலும் வெளிச்சம் போகாது என்றால், தைரியமாக வாங்குங்கள். இரண்டு அறைகளும் சாலையைப் பார்த்தபடி இருந்தால், என் யோசனை வேறு வீடு பாருங்கள் என்பதுதான்.